கூத்துப் பதிவு: கிரயமா, குத்தகையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆந்திர எல்லையில் நகரி, புத்தூர், தடா பக்கம் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்துகளில் இப்போது கேமராவும் வந்து நிற்கிறது. விடிவதற்குள் ஜமா (கூத்துக் குழு) வாத்தியாரிடம், பதிவின் உரிமைக்காக, நாலு பக்க ஆங்கிலத் தாளில் கையெழுத்தும் வாங்கிவிடுகிறார்கள்.

முதல் கேள்வி, பதிவு யார் செலவு? ஜமாவே கேமராக்காரருக்குக் கூலி கொடுத்து எடுத்தால் பதிவு ஜமாவுடையது. சேனல் தன் செலவில் எடுத்தால் அது சேனலுடையது. அப்போது ஜமாவுக்கு மிஞ்சுவது கலைஞருக்குரிய 50 ஆண்டு உரிமையும் அதற்கான ராயல்டியும்தான். இனிச் சொல்லப்போவது ஜமாவே எடுத்த பதிவுக்கு.

தாளில் 'அசைன்மென்ட்' என்றிருந்தால் கிரயம். 'லைசென்ஸ்' என்றால் குத்தகை. 'எக்ஸ்க்ளூசிவ் லைசென்ஸ்' குத்தகைதான். ஆனால் கெடு முடியும்வரை சொந்தக்காரரே தன் சேனலில் அதை ஏற்ற முடியாது. பலர் இடறுவது இங்கேதான்.

1957 பதிப்புரிமைச் சட்டம் 19ஆம் பிரிவு கலைஞர் பக்கம் சாய்ந்தது. காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு. இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும். வாங்கியவர் ஓராண்டு பயன்படுத்தாமல் போட்டுவைத்தால், ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, உரிமை திரும்பிவிடும். அதனால்தான் பதிவை வாங்கிப் பரப்பும் விநியோகஸ்தர் எந்த இடத்தையும் காலியாக விடுவதில்லை: 'நிரந்தரம், உலகம் முழுவதும், எல்லா ஊடகமும்' என்று அச்சடித்தே கொண்டுவருகிறார். அடித்துத் திருத்தி, இரு தரப்பும் பக்கத்தில் சுருக்கொப்பம் போடலாம், அதில் தப்பில்லை. 2012 திருத்தத்துக்குப் பிறகு, கையெழுத்தான நாளில் புழக்கத்தில் இல்லாத ஊடகத்தைக் குறிப்பாகச் சொல்லியிராவிட்டால் அது ஒப்பந்தத்தில் அடங்காது.

எல்லைக்காரர்களுக்கு இன்னொரு வில்லங்கம், இடம். 'தமிழ்நாடு உரிமை' என்றால் திருத்தணி உள்ளே, நகரி வெளியே; சினிமா வியாபாரத்தில் நகரி 'சீடட்' (ராயலசீமா) ஏரியா. நெல்லூர் மாவட்டத்திலிருந்த தடா 2022இல் திருப்பதி மாவட்டத்துக்குப் போனது. அதற்கு முந்தைய தாளில் 'நெல்லூர் மாவட்டம்' என்று மட்டும் இருந்தால் தடா கேபிள் யாருக்கு என்று சண்டை வரும். மண்டலப் (ஆந்திரத்தில் தாலுகா போன்ற பிரிவு) பெயர்களை எழுதிவிடுவதே நல்லது.

பணத்தில் 'நெட்' என்ற ஒரு சொல் போதும், பாதிக்கு மேல் தின்றுவிடும். வரவு 1,00,000 ரூபாய் என்று வையுங்கள். மொத்தத்தில் 50 சதவீதம் என்றால் 50,000. 'நெட்' என்றால் முதலில் 30 சதவீத கமிஷன் 30,000, பிறகு விளம்பரம், எடிட்டிங் என்று 40,000 கழியும். மிச்சம் 30,000இல் பாதி, 15,000. எந்தெந்தச் செலவு, எதுவரை என்று உச்சவரம்பு எழுத வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு, யூடியூப் வருவாய் அறிக்கையின் நகலோடு.

கடைசியில் கழற்றிக்கொள்வது. விநியோகஸ்தர் பதிவை யூடியூபின் கன்டென்ட் ஐடியில் (ஒரே பதிவு வேறெங்கும் ஏறினால் தானே கண்டுபிடிக்கும் ஏற்பாடு) சேர்த்துவிட்டால், ஜமா தன் சேனலில் ஏற்றும் அதே கூத்தின் மீதே உரிமைகோரல் விழும், வருமானம் அவருக்குப் போகும். கெடு முடிந்தும் அவர் அதை எடுக்காவிட்டால் இது தொடரும். '30 நாளுக்குள் எல்லாக் கோரல்களையும் விடுவிக்க வேண்டும்' என்ற வரி இல்லாமல் கையெழுத்து வேண்டாம். பாட்டு மட்டும் தனியாக இசை ஆப்களில் போயிருந்தால், அதன் 12 எழுத்து ஐஎஸ்ஆர்சி எண்ணையும் (ஒலிப்பதிவின் அடையாள எண்) கேட்டு வாங்கி வையுங்கள். வேறு விநியோகஸ்தரிடம் மாறும்போது புது எண் போட்டால், அதுவரை கேட்டவர்கள் கணக்கு பழைய பதிவோடு நின்றுவிடக்கூடும்.

— வாசகர், நகரி, சித்தூர் மாவட்டம்