திரைப்பட வட்டம்: 2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நியூ ஜெர்சியில் இயங்கும் நம் வட்டத்தின் மாதக் கூட்டங்கள் இந்த ஆண்டும் தடையில்லாமல் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். ஆண்டின் பெரிய வேலை, அக்டோபர் 31 அன்று இங்கே கொண்டாடும் பேய் வேடத் திருநாளான ஹாலோவீனை ஒட்டிய திரையிடல்தான் என்பதால் அதைப் பற்றியே அதிகம் சொல்கிறேன்.

2024-ல் தீபாவளியும் ஹாலோவீனும் அக்டோபர் 31 அன்றே சேர்ந்து வந்துவிட்டதால் படம் போட முடியவில்லை. இந்த முறை தீபாவளி 20ஆம் தேதியே முடிந்தது. 31 வெள்ளிக்கிழமையாகவும் அமைந்தது. அதனால் அக்டோபர் வெள்ளி இரவுகளைப் பழைய திகில் படங்களுக்கு ஒதுக்கினோம்.

பொது இடத்தில் படம் காட்ட உரிமம் வேண்டும். கடையில் வாங்கிய டிஸ்க்கை அப்படியே போட்டுவிட முடியாது. ஆகவே அமெரிக்காவில் காப்புரிமை இல்லாத இரண்டு படங்களில் தொடங்கினோம். முதலாவது, ஜெர்மன் இயக்குநர் முர்னாவ் 1922-ல் எடுத்த மௌனப் படம் 'நோஸ்ஃபெராட்டு'. டிராகுலா நாவலை அனுமதியில்லாமல் தழுவியது என்று நாவலாசிரியரின் மனைவி வழக்குத் தொடுத்தார். பிரதிகளை எல்லாம் அழிக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. தப்பிய பிரதிகளால்தான் நமக்கு இந்தப் படம் கிடைத்திருக்கிறது. புதிதாகச் சேர்த்த பின்னணி இசைக்குத் தனி உரிமை உண்டு. அதனால் நம் உறுப்பினர் ஒருவர் திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கீபோர்டு வாசித்தார். அவருக்கு வட்டத்தின் சார்பில் நன்றி.

இரண்டாவது, ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' (1968). படத்தின் தலைப்பை மாற்றியபோது, புதிய தலைப்பு அட்டையில் காப்புரிமைக் குறிப்பு விட்டுப்போனது. அன்றைய சட்டப்படி உரிமையே போய்விட்டது.

1931-ல் வந்த 'டிராகுலா', 'ஃபிராங்கன்ஸ்டைன்' இரண்டையும் ஒரே இரவில் போட்டோம். டிராகுலாவாக நடித்த பேலா லுகோசியின் பேச்சும் பார்வையும் இன்றும் நிற்கின்றன. ஆனால் அந்தப் படத்தின் பின்பாதி தொய்கிறது. அதே அரங்குகளில் இரவு நேரத்தில் வேறு நடிகர்களை வைத்து எடுத்த ஸ்பானிய வடிவத்தை அடுத்து காட்டலாம் என்று சிலர் கேட்டார்கள், நல்ல யோசனை. 'ஃபிராங்கன்ஸ்டைன்' அப்படித் தொய்யவில்லை. குளக்கரையில் சிறுமியோடு பூ விளையாடும் காட்சியில், அரக்க உருவமாக நடித்த போரிஸ் கார்லாஃபின் முகத்தைப் பார்த்த குழந்தைகள் பயப்படவில்லை, அந்த உருவத்துக்காக வருத்தப்பட்டார்கள்.

எனக்கு மிகவும் நிறைவளித்தது, சிறுத்தையாக மாறிவிடுவோம் என்று அஞ்சும் பெண்ணின் கதையான 'கேட் பீப்பிள்' (1942). கறுப்பு வெள்ளைப் படம் வேண்டாம் என்றவர்களும் கடைசிவரை அசையாமல் இருந்தார்கள். ஒரு பெண் இரவில் தனியாக நடக்கிறாள்; பின்னால் கேட்ட காலடிச் சத்தம் நின்றுவிடுகிறது. அவள் ஓடுகிறாள். சீறிக்கொண்டு ஏதோ பாய்கிறது, பார்த்தால் பேருந்து! இன்று திகில் படங்களில் சலித்துப்போகும் அளவுக்கு வரும் திடுக்கிடல் உத்திக்கு முன்னோடி இதுதான். நீச்சல்குளக் காட்சியில் சிறுத்தை இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. நிழலும் எதிரொலியும் மட்டும். காட்டாமல் விடுவதுதான் பெரிய பயம். படங்களைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பழையவற்றுக்கே வாதாடுவதற்குக் காரணமும் அதுதான்.

31ஆம் தேதி இரவு, பிள்ளைகள் வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கி முடித்தபின், பெரியவர்களுக்கு மட்டும் ஜான் கார்ப்பென்டரின் 'ஹாலோவீன்' (1978). கதை நடக்கும் ஹேடன்ஃபீல்டு இல்லினாயில் இருப்பதாகச் சொன்னாலும், அந்தப் பெயர் நம் மாநிலத்து ஊருடையது. திரைக்கதையில் பங்கெடுத்த டெப்ரா ஹில் வளர்ந்த ஊர். படம்பிடித்தது கலிஃபோர்னியாவில், அதுவும் வசந்த காலத்தில். இலையுதிர்காலம் போலத் தெரிய இலைகளுக்குச் சாயம் பூசி, ஒவ்வொரு காட்சி முடிந்ததும் அள்ளிவந்து மறுபடி பரப்பியிருக்கிறார்கள். கொலைகாரனின் முகமூடி, 'ஸ்டார் ட்ரெக்' தொலைக்காட்சித் தொடரின் கேப்டன் கிர்க் முகமூடிக்கு வெள்ளையடித்தது. ரத்தம் மிகக் குறைவு. அப்புறம் ஐந்து தட்டுத் தாளத்தில் வரும் அந்தப் பியானோ இசை, கார்ப்பென்டரே அமைத்தது. அது தொடங்கியதும் அரங்கில் பேச்சு நின்றுவிட்டது.

2026-ல் தீபாவளி நவம்பர் 8, ஹாலோவீன் சனிக்கிழமை. 'தி இன்னசென்ட்ஸ்' (1961), காப்புரிமை இல்லாத 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்' (1962) இரண்டையும் செயற்குழு பரிந்துரைக்கிறது. உரிமத் தொகைக்கும், ஜன்னல்களுக்குக் கறுப்புத் திரை வாங்கவும் பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டும். தெருவிளக்கின் வெளிச்சம் உள்ளே விழுந்தால் இந்தப் படங்களின் நிழல்கள் கெட்டுப்போகின்றன.

உணவு கொண்டுவந்த குடும்பங்களுக்கும், நாற்காலி அடுக்கிய இளைஞர்களுக்கும் நன்றி.

இப்படிக்கு,
செயலாளர்