மலர் விஷயமாக

மணியம்,

பொங்கல் வாழ்த்துக்கு நான் பதில் போடவில்லை என்று நீ முனியாண்டியிடம் ஒப்பாரி வைத்த சேதி ஜொகூரில் இந்தக் குளுவாங் வரை வந்துவிட்டது. இங்கே எல்லாரும் நலம். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, நாக்குதான் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் பிள்ளை மலர் போன வாரம் போன் போட்டாள். கோலாலம்பூரில் போக்குவரத்து ஆலோசனை நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறதாம், "சேரலாமா மாமா?" என்கிறாள். நீயோ அதற்கு முன்பே "வேண்டாம்னு சொல்லுடா" என்று வாட்சாப்பில் உத்தரவு போட்டாய், ஆளை மேய்க்கும் தண்டல் புத்தி உன்னை விட்டுப் போகாது. நான் அப்படிச் சொல்லவில்லை.

நல்ல தொழில்தான்டா. கிம்மாஸ்–ஜொகூர் பாரு 192 கிலோமீட்டர் இரட்டைத் தண்டவாளம் போட்டு முடித்து, டிசம்பர் 2025-ல் இடிஎஸ் மின்சார ரயில் ஜொகூர் பாரு வரை ஓட ஆரம்பித்ததை நான் ஸ்டேஷனில் கோப்பி ஓ குடித்துக்கொண்டே பார்த்தேன், சின்னப்பிள்ளை மாதிரி சந்தோஷம். ஆனால் இந்த ஆலோசனை வேலையில், ரயிலில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கிறோமே, அங்கேதான் வில்லங்கம். ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் செம்பனைக் காடு சில வருஷத்தில் நகரமாகிவிடும் என்று பின்னிணைப்பில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். அதை எடுத்துவிட்டால் பயணிகளில் பெரும்பங்கு காணாமல் போய்விடும். செம்பனைக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது, அது பாட்டுக்குக் குலை தள்ளிக்கொண்டிருக்கும். பயணிகள் எண்ணிக்கையை மாற்று என்று கூட்டத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள், "கொஞ்சம் கை இறுக்கமா போட்டிருக்கீங்களே சார்" என்பார்கள், அவ்வளவுதான். கட்டலாம் என்று எழுதினால் அடுத்த கட்ட வேலையும் வரும், வேண்டாம் என்று எழுதினால் அந்த அறிக்கையோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். நம் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி ரப்பர் பாலை எடை போட்ட கதைதான், தராசில் குறை இல்லை, அவர் கட்டைவிரல் எங்கே இருந்தது என்பதே கேள்வி.

பென்ட் ஃப்ளூபியா என்ற டென்மார்க் பேராசிரியர் 2002-ல் 258 போக்குவரத்துத் திட்டங்களை அலசினார். பத்தில் ஒன்பதில் செலவு குறைத்துக் காட்டப்பட்டிருந்தது, ரயில் திட்டங்களில் சராசரியாக 45 சதவீதம் எகிறியிருந்தது. பிறகு பயணிகள் கணக்கையும் பார்த்தார்கள். ரயிலில் உண்மையில் ஏறியவர்கள், சொன்னதில் சராசரியாகப் பாதிதான். நம் ஊரில் கணக்கு எப்படி ஆடுகிறது என்பதற்குக் கிழக்குக்கரை ரயிலை எடுத்துக்கொள். 6,550 கோடி ரிங்கிட் என்றார்கள், 2019-ல் மறுபடி பேசி, பாதையையும் மாற்றியபோது 4,400 கோடி ஆனது. கோலாலம்பூர்–சிங்கப்பூர் அதிவேக ரயில் 2016-ல் கையெழுத்தாகி, 2020 முடிவில் கைவிடப்பட்டு, 10 கோடி சிங்கப்பூர் டாலருக்கு மேல் நாம் சிங்கப்பூருக்கு நஷ்டஈடு கட்டியதோடு சரி. அது யார் பணம் மணியம்? சம்பளத்துக்கு வரி கட்டும் உன் பணமும் அதில் உண்டு.

அதனால்தான் நம் பிள்ளை ஒருத்தி அந்த மேசையில் உட்காரட்டும் என்கிறேன். அந்தப் பொடி எழுத்து வரியைப் படித்துவிட்டு வாயைத் திறக்கிற பிள்ளை அவள். அதற்காக வேலை போனாலும் போகட்டும், ரெண்டு மாசம் உன் வீட்டுச் சோற்றைத் தின்றால் நீ ஒன்றும் ஏழையாகிவிட மாட்டாய்.

கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தை எனக்கு ஒருமுறை அனுப்பச் சொல். அப்புறம், முனியாண்டிக்கு நான் கொடுத்த ஏணி எங்கே என்று கேள்.

சேகர்