மலையடியில் கிரவல் அள்ள அனுமதிக்குமுன்

கிரவல் (சரளை மண்) அகழவும் குளங்களைத் திருத்தவும் கையொப்பமிடும் அதிகாரிகளுக்கு, வணக்கம்.

இலங்கையின் வடக்கிலுள்ள எங்கள் வன்னி சமதரை. அதில் தலைதூக்கி நிற்கும் கருங்கல் பாறைதான் எங்களுக்கு மலை. வெடுக்குநாறியையும் குருந்தூர்மலையையும் வழக்குகளால் நாடே அறியும். வெளியாருக்குப் பெயர் தெரியாத மலைகளும் உண்டு. அவற்றின் அடியில் சிறு குளங்கள், குளங்களை நம்பிய ஊர்கள். அந்தக் குளங்களின் தண்ணீருக்காகவே இதை எழுதுகிறோம்.

ஒரு ஏக்கரில் ஓர் அங்குல மழை என்பது ஒரு லட்சம் லீற்றருக்குச் சற்று மேல். வெறும் பாறையில் அதில் பெரும்பங்கு வழிந்துவிடும். 100 ஏக்கர் பாறையில் அப்படிப் பெய்வது, 8 ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கக்கூடிய தண்ணீர். அதன் வேகத்தை அடக்குவது அடிவாரத்துப் பாலை, வீரை மரங்களும் புல்லும். அந்த மேல்மண்ணை வழித்துக் கிரவல் அள்ளினால் ஐப்பசி மழையிலேயே மணல் குளத்துக்கு வரும். முதலில் அலைகரை (தண்ணீர் வந்துசேரும் குளத்தின் மேல் ஓரம்) மேடாகும், பிறகு துருசு (மதகு) வாய் தூர்ந்துபோகும். மழை குறைந்த வருடத்திலோ கிரவல் அள்ளிய கிடங்கு (பள்ளம்) நிரம்பிய பிறகுதான் குளத்துக்குத் தண்ணீர்.

தூர்வாரினால் எல்லாம் சரியாகிவிடாது. துருசு மட்டத்துக்குக் கீழே தோண்டித் தேக்கிய தண்ணீர் வயலுக்கு ஏறாது. மாட்டுக்கும் கிணற்று ஊற்றுக்கும்தான் உதவும். லொறிக்கு வசதியென்று குளக்கட்டருகே தோண்டினால் களிப்படை உடைந்து கட்டின் அடியால் கசியும். அலைகரை மணலை அள்ளுங்கள், கட்டடியை விட்டுவிடுங்கள்.

திருத்தம் மேற்குளத்தில் தொடங்க வேண்டும். மேற்குளம் நிரம்பி அதன் வான் (மிகைநீர் வழியும் இடம்) பாய்ந்தால்தான் கீழ்க்குளத்துக்கு வரவு. மேலே கட்டு உடைந்தால் கீழே போட்ட புதுக்கட்டும் போய்விடும். மண்மூட்டை அடுக்கி வானை உயர்த்துவதை எங்கள் ஆட்களும் செய்கிறார்கள். அது பிழை, தடுக்க வேண்டியது. ஒப்பந்தங்களை ஆவணிக்கு முன் கொடுங்கள். ஐப்பசியில் போட்ட மண் இறுகுமுன் கரைந்துவிடும்.

சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. கிரவல் அனுமதி 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்க, கனிப்பொருள் சட்டத்தின் கீழ் வேறு பணியகத்திடம். இரண்டு கோப்பும் ஒரே மேசைக்கு வரட்டும். கேட்கப்படும் காணியை மழை பெய்யும் நாளில் கமக்காரர் அமைப்போடு நடந்து பாருங்கள். எந்த ஓடை எந்தக் குளத்துக்குப் போகிறதென்று வரைபடத்தில் குறியுங்கள். ஓடைப் பாதையில் கிடங்கு விழுமானால் அந்த அனுமதியை மறுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மலையடிக் குளங்களின் கீழ் கமம் செய்வோர்