உருளை என்றாலே ஆரம் 7 செ.மீ. தானா?

கணக்குப் பாடநூல் எழுதும் குழுவினருக்கு,

வணக்கம். பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுப்பவள் நான். உருளையின் கன அளவு பாடம் வரும்போதெல்லாம் உங்களிடம் கேட்கத் தோன்றும்: ஏன் எல்லா உருளைக்கும் ஆரம் 7, இல்லாவிட்டால் 14, அதுவும் இல்லாவிட்டால் 21? 22/7-இல் இருக்கும் ஏழு அடிபட வேண்டும், விடை முழு எண்ணாக வர வேண்டும், புரிகிறது. ஆனால் இப்படி வரிசையாகப் போட்டுவரும் பிள்ளைக்கு அடித்துச் சுருக்கத்தான் கை பழகுகிறது. நிஜமான டப்பா ஒன்றைக் கொடுத்து ‘இது எவ்வளவு பிடிக்கும்?’ என்று கேட்டால் முழிக்கிறது.

முழிப்பதில் நியாயமும் இருக்கிறது. எந்த டப்பாவின் வாயிலும் மையப்புள்ளி குறித்திருக்காது. ஆரத்தை எங்கிருந்து அளப்பது? ஸ்கேலை வாயின் குறுக்கே வைத்து நகர்த்தி, எங்கே அதிகபட்ச அளவு வருகிறதோ அதுதான் விட்டம். அதில் பாதி ஆரம். அளக்க வேண்டியது உட்பக்கத்தை, ஏனென்றால் டப்பாவின் சுவருக்கும் தடிமன் உண்டு. இந்த மூன்று வரியை எந்தப் பாடநூலிலும் நான் படித்ததில்லை.

உள்விட்டம் 6.5 செ.மீ., உயரம் 12 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஆரம் 3.25, அதன் வர்க்கம் 10.5625, பையால் (π) பெருக்கினால் அடிப்பரப்பு ஏறக்குறைய 33.18 ச.செ.மீ. உயரத்தால் பெருக்க, 398 கன செ.மீ., அதாவது 398 மி.லி. அளவுக் குவளையால் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் கிட்டத்தட்ட அவ்வளவுதான் பிடிக்கும். பிள்ளை விட்டத்தையே ஆரமாகப் போட்டுவிட்டால்? 1593 வரும். கைக்குள் அடங்கும் டப்பா ஒன்றரை லிட்டருக்கு மேல் பிடிக்குமா என்று அதுவே சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்ளும். உங்கள் புத்தகக் கணக்கில், ஆரம் 7, உயரம் 10 என்றால் சரியான விடை 1540, விட்டத்தைப் போட்டால் 6160. இரண்டையும் பார்த்தால் எது தப்பு என்று ஏதாவது தோன்றுகிறதா? எனக்கும் தோன்றுவதில்லை.

அப்புறம் அந்தச் சூத்திரம். பாடத்தின் முதல் பக்கத்திலேயே கட்டம் போட்டு πr²h என்று வைத்துவிடுகிறீர்கள். அதற்கு முன்னால் ஒரே ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லலாமே. மேலே சொன்ன டப்பாவில் அந்த ஒரு அடுக்கு 33 மி.லி. சொச்சம். பன்னிரண்டு அடுக்கு சேர்ந்தால் டப்பா நிறைகிறது. அடிப்பரப்பு பெருக்கல் உயரம், அவ்வளவுதான். இது பிடிபட்ட பிள்ளைக்கு அடி முக்கோணமானாலும் அறுகோணமானாலும் தனிச் சூத்திரம் வேண்டாம். அடுக்கிய காசுகளைச் சாய்த்துத் தள்ளினாலும் கன அளவு மாறாது என்பதும் அதே யோசனைதான். இத்தாலியக் கணித அறிஞர் கவலியேரி 1635-இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாகக் கையாண்டார். பழைய எகிப்தியர்களும் இப்படித்தான் போட்டார்கள். ரைண்ட் பாப்பிரஸ் என்ற பழைய எகிப்தியக் கணக்குச் சுவடியில் விட்டம் 9, உயரம் 10 முழம் கொண்ட உருளைக் களஞ்சியம் ஒன்று வருகிறது. விட்டத்தில் ஒன்பதில் ஒரு பங்கைக் கழித்து, மிச்சமுள்ள 8-ஐ வர்க்கமாக்கி, உயரத்தால் பெருக்கி 640 கன முழம் என்கிறார்கள். இன்றைய கணக்கில் 636 சொச்சம். பை என்று ஒரு குறியீடே இல்லாத காலத்தில்!

இன்னொன்றைக் கட்டாயம் சேர்க்கச் சொல்வேன். ஒரே அளவுள்ள இரண்டு ஏ4 தாள்கள், 21 செ.மீ.க்கு 29.7 செ.மீ. ஒன்றை நீளவாக்கில் உயரமாகவும், இன்னொன்றை அகலவாக்கில் குட்டையாகவும் ஓரத்தோடு ஓரம் ஒட்டிச் சுருட்டச் சொல்லுங்கள். எது அதிகம் பிடிக்கும் என்று முதலில் கேளுங்கள். ‘ரெண்டும் ஒண்ணுதான், தாள் ஒண்ணுதானே’ என்பார்கள், இல்லாவிட்டால் உயரமானதைக் காட்டுவார்கள். கணக்குப் போட்டால் உயரமானது சுமார் 1042 கன செ.மீ., குட்டையானது சுமார் 1474. உயரம் ஒரு தடவைதான் பெருக்கலில் வருகிறது, ஆரம் இரண்டு தடவை வருகிறது. r-இன் தலையில் இருக்கும் அந்தச் சின்ன 2 எதற்கு என்று அன்றைக்குத்தான் அவர்களுக்கு உறைக்கும். தானியம் போட்டு நிரப்பிக் காட்டிவிட்டால் விவாதமே கிடையாது.

படுக்கவைத்த தொட்டியைப் பற்றியும் பெரிய வகுப்பிலாவது ஒரு வரி வேண்டும். விட்டத்தில் கால்வாசி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் கால் தொட்டி தண்ணீர் இருப்பதாக அர்த்தமில்லை. ஐந்தில் ஒரு பங்குகூட இராது.

எல்லாக் கணக்கையும் மாற்றச் சொல்லவில்லை. ஏழும் பதினான்கும் பழகுவதற்கு இருக்கட்டும். அடுத்த பதிப்பில் விட்டம் 8.3 என்று ஒரு கணக்காவது போடுங்கள். பின்பக்க விடைகளில் அதற்கு நேரே எண் வேண்டாம். ‘தண்ணீர் ஊற்றிப் பார்க்கவும்’ என்று அச்சிட்டால் போதும்.

இப்படிக்கு,
கணக்கு சொல்லிக்கொடுக்கும் ஒருத்தி