நகை வேண்டாம் என்றவர்கள்

திருப்பூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள தேவு,

ஸ்தோத்திரம். நீயும் தங்கச்சியும் சுகம்தானே? முழங்காலுக்கு அந்த எண்ணெய் கேட்டதா, இல்லை குன்னூர்க் குளிருக்கு அதுவும் உறைந்துபோனதா? இங்கே எல்லாரும் சுகம். எஸ்தர் மட்டும் என்னோடு பேசுவதில்லை. ஏன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். உன் சித்தப்பா மகன் ஜெபராஜ் இதற்குள் உனக்கு போன் போட்டிருப்பான். அவன் வாயில் புகுந்து வந்தால் எந்தக் கதைக்கும் கையும் காலும் முளைத்துவிடும், உனக்குத் தெரியாததா?

என் மகள் கிரேசுக்கு அவன் கொண்டுவந்த கல்யாண இடம் நின்றுபோனது. உடனே 'முந்திரிக்கொட்டை சாமு' என்று ஆரம்பித்துவிடாதே. முழுசாகப் படி.

பையன் நல்ல பையன்தான், அதில் குறை சொல்ல மாட்டேன். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, மரியாதையான பேச்சு. குடும்பம் வெள்ளை உடுப்புச் சபை. டிவி கிடையாது, சினிமா கிடையாது, வீட்டுப் பெண்கள் காதில் ஒரு குந்துமணித் தங்கம் கிடையாது. பக்கத்து வீட்டில் மாரியாத்தா நோம்பிக்குப் பொங்கல் கொடுத்தால் வாங்க மாட்டார்களாம். இதை ஜெபராஜ் பெரிய மெடல் மாதிரி சொன்னான். எனக்கு அங்கேயே கொஞ்சம் நெருடியது. நோம்பிப் பொங்கல் தருகிற சரஸ்வதியக்காதான் எஸ்தர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ரெண்டு வேளை சோறு கொண்டுவந்து போட்டது. இருந்தாலும், உலகம் வேண்டாம் என்று வாழ நினைக்கிறவர்கள், நம்மைவிட மேலாக இருப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஆராதனை முடிந்து மத்தியானம் வந்தார்கள். பையனின் அப்பா உட்கார்ந்ததும் சொன்னார், "ஏனுங்க, எங்க சபையில நகை போடறதில்லீங்க. பொண்ணுக்குப் பொட்டுத் தங்கம் வேண்டாம்." எஸ்தர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பவுன் விற்கிற விலையில் அவள் ஒரு வருஷமாகத் தூங்கவே இல்லை. அப்புறம் அவர் ஜெபம் பண்ணினார். நீண்ட ஜெபம், கண்ணீரோடு. நானும் கலங்கித்தான் போனேன்.

காபி வந்தது. அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, முழுக்கைச் சட்டையின் பித்தானைச் சரிபண்ணிக்கொண்டே கேட்டார், "எப்படியும் ஒரு முப்பது பவுன் போடறதா இருந்திருப்பீங்க, இல்லீங்களா? அதை அப்படியே பணமாப் பையன் பேர்ல போட்டுட்டா, அவிநாசி ரோட்டுப் பக்கம் ஒரு சைட் பாத்து வெச்சிருக்கறோம். ஊழியத்துக்கும் உதவுமுங்க."

எனக்குப் பேச்சு வரவில்லை. கிரேஸ் மிக்சர் தட்டோடு நின்றவள், தட்டைக்கூட வைக்காமல் கேட்டாள், "மாமா, நகைன்னா எங் கழுத்துல கிடக்கும். பணம்னா யாரு பேர்லீங்க?"

அவ்வளவுதான் கேட்டாள். குரலைக்கூட உயர்த்தவில்லை. அவர் என்னைப் பார்த்தார், மகளை அடக்கு என்கிற பார்வை. நான், "பாப்பா கேக்கறது நியாயம்தானுங்களே" என்றேன். மிக்சர் அப்படியே இருந்தது. போகும்போது மட்டும் ஜெபம் பண்ணவில்லை.

அன்று ராத்திரி முழுக்க அவள் கேட்டதுதான் தலைக்குள் ஓடியது. உலகத்தார் கல்யாணத்தில் நகை போடுகிறார்கள், சரி. ஆடம்பரம், சரி. நகை அலங்காரம் வேண்டாம் என்கிற 1 பேதுரு 3-ஐ எடுத்துக் காட்டலாம், அதுவும் சரி. ஆனால் அந்த நகை சீதனம், சட்டப்படி பெண்ணின் சொத்து. நாளைக்கு ஒரு கஷ்டம் என்றால் கழற்றி அடகு வைத்தாவது பிழைப்பாள். இவர்கள் பரிசுத்தத்தின் பேரில் அதையும் அவள் கழுத்திலிருந்து எடுத்து மாமனார் சொல்கிற சைட்டில் போடச் சொல்கிறார்கள். உலகத்திலிருந்து பிரிந்து வந்தவர்கள் உலகத்தைவிட ஒரு படி கூடப் போய்விட்டார்கள்! வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது, வாங்கினாலும் கொடுத்தாலும் குறைந்தது 5 வருஷம் உள்ளே. ஜெபராஜிடம் சொன்னேன். "அண்ணா, அது அன்பளிப்பு" என்கிறான்.

இன்னொன்று கேள். என்னிடம் ஓவர்லாக் ஓட்டுகிற ஒரிசாப் பையன் முன்னால் மாப்பிள்ளையின் அப்பா யூனிட்டில்தான் இருந்தானாம், எனக்கே இப்போதுதான் தெரியும். அங்கே எப்போதும் ஒரு வாரச் சம்பளத்தைப் பிடித்தே வைத்திருப்பார்களாம், ஆள் விட்டுப் போகாமல் இருக்க. விட்டுப் போனால் அது போனதுதான். இவனுக்கும் கைமடிக்கிற அவன் பெண்டாட்டிக்கும் சேர்த்து ரெண்டு வாரக் கூலி போய்விட்டது. "ஆனா சனிக்கிழமை சனிக்கிழமை கம்பெனியில ஜெபம் நடக்கும் சார்" என்றான், கிண்டல் இல்லாமல்தான் சொன்னான். அறுத்தவர்களின் கூலி பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு ஐந்தாம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறதே, வெள்ளைச் சட்டைக்கு அது கேட்காதோ?

நிறுத்து, நம்ம சி.எஸ்.ஐ. சபை ஆட்கள் மட்டும் ஒழுங்கா என்று நீ கேட்பாய். கேள். போன வருஷம் ஒரு வரன் வந்தது, நம்ம சபையே, ஞானஸ்நானம், சபையில் முழு அங்கத்தினராக்குகிற திடப்படுத்தல் எல்லாம் சரி. மூன்றாவது கேள்வி, "நீங்க என்ன ஆளுங்க?" அதற்கு முன்னால் ஓலை வாசிக்க, அதாவது சபையில் கல்யாண அறிவிப்புச் சொல்ல, எந்த மாதம் தோதுப்படும் என்று வேறு கேட்டிருந்தார்கள்.

அப்புறம் 2011 ஜனவரி நினைவிருக்கிறதா? ஹைகோர்ட் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. சபையில் உபவாச ஜெபம் வைத்தோம். பிழைப்புப் போனவர்களுக்காக ஜெபித்தது தப்பில்லை, நானும் வேலை இல்லாமல்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே சாயத்தண்ணியில் காடு கெட்டுப்போன விவசாயிகளுக்காக ஒரு வார்த்தை ஜெபித்ததாக எனக்கு நினைவில்லை. நொய்யல் கலர் கலராக ஓடினது நமக்கு உலகத்துக் காரியமாகவே தெரியவில்லை பார். டிவிதான் உலகம், பூ வைப்பதுதான் உலகம்.

இந்த நேரத்தில் நம்ம சபைப் போதகர், பழைய ஐயரைத்தான் நினைத்துக்கொண்டேன். ஈரோட்டில் பிரப் சர்ச் படிக்கட்டில் உட்கார வைத்து நமக்குத் திடப்படுத்தல் வகுப்பு எடுத்தாரே, நீ கடலைத் தோலை என் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாய். அன்றைக்கு ஒரு பழைய கடிதத்தைப் பற்றிச் சொன்னார். ரெண்டாம் நூற்றாண்டு என்கிறார்கள். தியோக்னேத்து என்கிறவருக்கு எழுதியது, எழுதினவர் பேர் தெரியாது. கிறிஸ்தவர்களுக்குத் தனி ஊர் இல்லை, தனிப் பாஷை இல்லை, உடுப்பும் சாப்பாடும் அந்தந்த ஊர் வழக்கம்தான். எல்லாரையும் போலக் கல்யாணம் பண்ணிப் பிள்ளை பெறுகிறார்கள், ஆனால் பெற்ற பிள்ளையை வெளியே எறிவதில்லை என்று அதில் இருக்கிறது. ரோமாபுரி ராஜ்ஜியத்தில் வேண்டாத குழந்தையைத் தெருவில் விட்டுவிடுவது சாதாரணம். அதைச் செய்யாதவன்தான் வித்தியாசமான மனுஷன். நமக்கு அது ஏதோ தூர தேசத்துக் கதையாக இருந்தது. அப்புறம் 1992-ல் நம்ம சேலத்திலேயே தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டி வந்ததே, பெண் குழந்தைகளைச் சிசுக்கொலையிலிருந்து காப்பாற்ற! அந்தக் கொலைகளுக்கு வேரே இந்த முப்பது பவுன் கணக்குதானே?

அதனால் எனக்குத் தோன்றுவது இதுதான், நீ வாத்தியார், தப்பென்றால் திருத்து. 'இந்தப் பிரபஞ்சத்திற்கு ஒத்த வேஷந்தரியாமல்' என்று பவுல் எழுதினதை நாம் துணிக்கடைக்கும் நகைக்கடைக்கும் மட்டும் கொண்டுபோய்விட்டோம். சனிக்கிழமை சாயங்காலச் சம்பளக் கவருக்கும் சம்பந்தம் பேசுகிற திண்ணைக்கும் அது வரவே இல்லை. வந்தால் செலவாகும் அல்லவா?

இதெல்லாம் வீராப்பாக எழுதுகிறேன். ஆனால் உன்னிடம் மட்டும் கேட்கிறேன். முப்பது பவுனுக்கான பணம் என் கையில் இருந்திருந்தால், அன்று 'நியாயம்தானுங்களே' என்று சொல்லியிருப்பேனா? தெரியவில்லை, தேவு. இல்லாதவன் பரிசுத்தனாக இருப்பது சுலபம். எஸ்தர் சமையலறையில் அழுகிறாள். கிரேசுக்கு இருபத்தெட்டு முடிகிறது. "உங்க ரெண்டு பேரோட வைராக்கியத்துக்கு நான் எத்தனை வீடு காபி போடறது?" என்கிறாள் எஸ்தர். அதற்கு என்னிடம் வசனம் இல்லை. கிரேஸ் என்னவோ நிம்மதியாக ஆடிட்டர் ஆபீஸ் போய் வருகிறாள். ராத்திரி தூங்காதவன் நான்தான்.

ஜெபராஜ் இப்போது ஊரெல்லாம், சாமு குடும்பம் உலகப்பிரகாரமானது, பெண் காதில் தோடு போட்டிருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டு திரிகிறான். தோடு இருந்தது தெரிந்துதானே இடம் கொண்டுவந்தான்! நீ மூத்தவன், ஒரு வார்த்தை சொல்லி வை. சண்டை போடாதே, பாவம், அவனுக்கு நல்ல மனசுதான், காதுதான் பெரிசு.

அறுப்பின் பண்டிகைக்குக் கட்டாயம் தங்கச்சியோடு வா. ஏலத்தில் போன தடவை நீ எடுத்த பூசணிக்காய்க்கு இன்னும் காசு கட்டவில்லை என்று பொருளாளர் பார்க்கும்போதெல்லாம் என்னிடம் கேட்கிறார்.

அப்புறம், உங்கள் ஊரில் ஸ்கூல் வாத்தியார் பையன் ஒருவன் இருக்கிறான் என்று தங்கச்சி எஸ்தரிடம் சொன்னதாம். கொஞ்சம் விசாரி. நேரே அப்பாவிடம் போய்ப் பணம், பவுன், சைட் எல்லாவற்றையும் முதலில் கேட்டுவிடு. ஜெபம் அப்புறம் பண்ணிக்கொள்ளலாம்.

அன்புடன்,
சாமு