மேரி கிங்ஸ்லியைப் பற்றிக் கேட்டிருந்தாயே

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் மறந்துவிடாதே, மறக்கக்கூடியவள்தான் நீ. இங்கே எல்லோரும் சுகம். சின்னவனுக்குப் பெங்களூருக்கு மாற்றல் வந்து, வீடு தேடி அலைந்துகொண்டிருக்கிறான்.

அப்புறம், பேத்தியின் பேச்சுப் போட்டி. நூறு வருஷத்துக்கு முந்தி மேற்கு ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்து எழுதிய ஆங்கிலேயப் பெண் மேரி கிங்ஸ்லியை வீரமங்கை என்று பேசப் போகிறாளாம், நாலு குறிப்பு எழுதி அனுப்பு என்கிறாய். என்னிடம் கேட்டால் நாலோடு நிற்குமா?

முப்பது வயது வரை அந்தப் பெண் வீட்டோடு கிடந்தாள். அப்பா மருத்துவர், பணக்காரர்களோடு கப்பலேறி ஊர் சுற்றுகிறவர். அம்மா நோயாளி, பார்த்துக்கொள்ள மகள். தம்பியின் படிப்புக்கு 2,000 பவுன் செலவானதாம். இவளுக்குக் காசு கொடுத்துச் சொல்லிக்கொடுத்தது ஜெர்மன் மொழி மட்டும். மற்றதெல்லாம் அப்பாவின் அலமாரியிலிருந்து தானாகப் படித்தது. 1892இல் பெற்றோர் இருவரும் சில வார இடைவெளியில் போய்ச் சேர்ந்தார்கள். அடுத்த வருஷமே மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பல். அதிலும் தம்பி வெளியூர் கிளம்பினால்தான் இவள் கிளம்ப முடியும். அவன் வீடு திரும்பினால் இவள் வந்து குடித்தனம் நடத்த வேண்டும். நமக்குத் தெரியாத கதையா இது?

இரண்டாவது பயணம்தான் பெரியது. 1895இல் பிரெஞ்சுக்காரர் ஆண்ட காபோனில், ஓகோவே ஆற்றில் படகில் போனாள். பிரிட்டிஷ் மியூசியத்துக்காக மீன் சேகரித்தாள். சில மீன் இனங்களுக்கு இவள் பெயரையே வைத்திருக்கிறார்கள். கையோடு துணி, புகையிலை, தூண்டில் முள் கொண்டுபோய் விற்று, ரப்பரும் தந்தமும் வாங்கினாள். இது செலவுக்காக மட்டுமில்லை. சும்மா வந்தேன் என்றால் சந்தேகப்படுவார்கள், வியாபாரி என்றால் வந்த காரணம் யாருக்கும் புரியும்.

புருஷன் எங்கே என்று போகிற இடமெல்லாம் கேட்டிருக்கிறார்கள். இல்லை என்று சொல்லவே கூடாது என்பது அவள் அனுபவம். "அவரைத் தேடித்தான் போகிறேன்" என்று சொல்லி, தான் போக வேண்டிய திசையைக் காட்ட வேண்டுமாம். இரக்கமும் கிடைக்கும், வழித்துணையும் கிடைக்கும்! திருச்செந்தூருக்குத் தனியாகப் போனபோது சத்திரத்தில் எனக்கு இது தெரியாமல் போயிற்றே.

காட்டுவழியில் மிருகங்களைப் பிடிக்கத் தோண்டிய குழியில் விழுந்தாள். அடியில் கூராகச் சீவிய கருங்காலி முளைகள். கனத்த பாவாடைதான் காப்பாற்றியது. மேடையில் கைதட்டல் வாங்குகிற இடம் இதுதான், பேத்தியிடம் சொல்லு.

ஆனால் கிங்ஸ்லிக்குப் படகில் துடுப்புப் போட்டவர்களையும் பேத்தி சொல்ல வேண்டும். சாம்பல் சட்டை, பனியன், மௌனம் என்றெல்லாம் கிங்ஸ்லி வைத்த பட்டப்பெயர்களில்தான் அவளுடைய பயணப் புத்தகத்தில் அவர்கள் வருகிறார்கள். ஆற்றையும் சுழிகளையும் அறிந்தவர்கள் அவர்கள். வீரத்தில் அவர்களுக்குப் பங்கில்லையா?

கிங்ஸ்லியின் அரசியலை எந்தப் பக்கம் வைப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. 1898இல் மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனில், உட்பகுதியில் ஆங்கிலேயர் குடிசை வரி போட்டார்கள். பாய் புரே என்ற உள்ளூர்த் தலைவர் தலைமையில் வடக்கே சண்டை மூண்டது. லண்டனில் இவள் வரியை எதிர்த்து எழுதினாள், பேசினாள்: சொந்த வீட்டுக்கு வரி கட்டச் சொன்னால், வீடு உன்னுடையதில்லை என்று சொல்வதாகத்தான் அந்த மக்கள் எடுத்துக்கொள்வார்கள், அவர்கள் சட்டம் அப்படி என்று. ஆப்பிரிக்கர்களுக்குச் சட்டமும் நியாயமும் உண்டு என்று அப்போது அங்கே சொல்வதற்கே துணிச்சல் வேண்டும். சரி, அதற்கு மாற்றாக என்ன கேட்டாள்? அதிகாரிகளும் பாதிரிமாரும் ஒதுங்கட்டும், லிவர்பூல் வியாபாரிகள் கையில் நிர்வாகம் இருக்கட்டும் என்றாள். ஆப்பிரிக்காவுக்குச் சாராயம் அனுப்புவதையும் ஆதரித்தாள். பேரரசு வேண்டாம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. கம்பெனி ஆட்சி எப்படியிருக்கும் என்று நம் ஊர்க்காரர்களைக் கேட்டிருக்கலாம்.

பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டவர்களோடும் அவள் சேரவில்லை. லண்டனில் இருக்கும் புவியியல் சங்கமான ராயல் ஜியாக்ரஃபிகல் சொசைட்டி 1892-93இல் 22 பெண்களைச் சேர்த்துக்கொண்டு, பிறகு 1913 வரை கதவை மூடியது. அந்தக் கதவைத் தட்டவும் இவளுக்கு மனமில்லை. எனக்கு இதில் கோபம் உண்டு. தான் மட்டும் விதிவிலக்காக இருந்தால் போதும் என்று நினைத்துவிட்டாளோ?

1900இல் தென்னாப்பிரிக்கா போய், சைமன்ஸ் டவுனில், ஆங்கிலேயரோடு போரிட்டுப் பிடிபட்ட போயர் (டச்சு வம்சாவளிக் குடியேறிகள்) கைதிகளுக்குச் செவிலியாக இருந்தபோது டைபாய்டு வந்து இறந்தாள். வயது 37. விரும்பியபடியே கடலில் அடக்கம்.

வீரமங்கை என்ற சொல்லை எடுக்கச் சொல்லாதே, சின்னப் பிள்ளை, ஆசையாக எழுதியிருக்கிறாள். வரியையும் வியாபாரிகளையும் மட்டும் விடாமல் சேர்க்கச் சொல்லு. நடுவர்கள் மார்க்கைக் குறைத்தால் குறைக்கட்டும்.

கோமதிக்குச் சர்க்கரை மறுபடி கூடியிருக்கிறது, போன் செய்து திட்டு. நான் சொன்னால் கேட்பதில்லை. ஆவணியில் கல்யாணத்துக்கு நீ வருவாய்தானே? மற்றவை நேரில்.

அன்புடன்,
பார்வதி