ஓட்டைக் காலணாவும் லேமினேஷனும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆகஸ்ட் 19, உலகப் புகைப்பட தினத்துக்காக உங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரையை மூன்று முறை படித்தேன். ‘பிலிம் காலத்து ஸ்டுடியோக்காரர்கள் ரசாயனத்தைச் சாக்கடையில் கொட்டி ஊரைக் கெடுத்தார்கள், டிஜிட்டல் வந்தது, அழுக்கு போனது’ என்கிறார் கட்டுரையாளர். அவர் எந்த இருட்டறையில் எத்தனை நாள் நின்றார் என்று அறிய ஆவல்.

நான் கும்பகோணத்தில் 31 வருடம் நின்றேன். படத்தை அழியாமல் நிலைக்கச் செய்யும் கரைசலான ஹைப்போ பழசானாலும் அதைக் கொட்ட எங்களுக்கு மனம் வராது. அதில் வெள்ளி இருக்கிறது. ஒளி படாத வெள்ளி உப்பைக் கரைத்தெடுப்பதுதான் ஹைப்போவின் வேலை என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. என் அப்பா இதை வாயால் சொல்லித் தரவில்லை. பழைய ஹைப்போ ட்ரேயில் ஓர் ஓட்டைக் காலணாவைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வந்து எடுத்தபோது செம்பு நிறம் போய்க் காசு வெளுத்திருந்தது. வேட்டி நுனியில் தேய்த்துப் பளபளப்பாக்கி என் உள்ளங்கையில் வைத்து, “இனிமேல் கொட்டுவாயா?” என்றார். மாதம் ஒருமுறை பட்டறைக்காரர் ஒருவர் சைக்கிளில் இரண்டு கேன் கட்டிக்கொண்டு வந்து வாங்கிப் போவார். எக்ஸ்ரே எடுக்கும் இடங்களிலும் அவர்தான் வாங்குவார். விலையில் எங்களை ஏமாற்றினார் என்பது தனிக் கதை.

படத்தைத் தோன்றவைக்கும் டெவலப்பர் கரைசல் சாக்கடைக்குத்தான் போனது, அதை மறைக்கவில்லை. ஆனால் பிரிண்ட் கழுவுகிற தண்ணீரில் சிக்கனம் பார்த்தோம். கடைசியாக அலசிய தண்ணீர் அடுத்த கட்டுப் பிரிண்டுகளுக்கு முதல் அலசலாகும். கைபம்பில் அடித்தவனுக்குத்தான் ஒரு வாளித் தண்ணீரின் அருமை தெரியும்.

அன்று ஒரு கல்யாணத்துக்கு மூன்று ரோல், 108 படம். கண்ணை மூடியவரைத் திரும்ப எடுக்கப் பத்து தடவை யோசிப்போம். இப்போது கடையைப் பார்த்துக்கொள்ளும் என் தம்பி மகன் ஒரு முகூர்த்தத்துக்கு நாலாயிரம் படம் எடுக்கிறான். மாப்பிள்ளை வீட்டார் நூறுகூடப் பார்ப்பதில்லை. பரணில் உயிர்போன ஹார்டு டிஸ்க்குகள் ஓர் அரிசிச் சாக்கு நிறைய இருக்கின்றன. உப்பிப்போன கேமரா பேட்டரிகள் ஒரு பிஸ்கட் டின்னில் கிடக்கின்றன. தீர்ந்த பேட்டரியைத் தயாரிப்பாளரே திரும்பப் பெற வேண்டும் என்று மத்திய அரசு 2022இல் விதி போட்டது. அதை நம்பி டின்னைத் தூக்கிக்கொண்டு வாங்கிய கடைக்கே போனேன். கல்லாவில் இருந்த பையன், “குப்பையில் போடுங்கள் தாத்தா” என்றான். டின் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன் படம் எடுக்கிறோம் என்று காவிரிப் படித்துறையில் வண்ணப் புகை விட்டு, ஜிகினாக் காகிதத்தை வாரி இறைத்துவிட்டுப் போகிறார்கள். டிஜிட்டலில் அழுக்கு இல்லையாம்!

இத்தனைக்கும் அந்தக் கட்டுரையின் கீழேயே உங்கள் ‘பசுமை காப்போம்’ புகைப்படப் போட்டி அறிவிப்பு. 12க்கு 18 அங்குல அளவில், லேமினேஷன் செய்து, மூன்று பிரதிகள் அனுப்ப வேண்டுமாம், திருப்பி அனுப்பப்படமாட்டாதாம். பசுமை காக்க ஒரு படத்துக்கு மூன்று பிளாஸ்டிக் பலகை! கட்டுரையையும் அறிவிப்பையும் ஒரே பக்கத்தில் வைத்த உதவி ஆசிரியருக்கு நகைச்சுவை உணர்வு அதிகம் என்று நினைக்கிறேன்.

உங்களிடம் எனக்குப் பழைய பாக்கியும் ஒன்று உண்டு. 1992 மகாமகத்தில் நான் எடுத்த குளத்துப் படத்தை 2004லும் 2016லும் ‘கோப்புப் படம்’ என்று போட்டீர்கள். இரண்டு முறையும் கடிதம் எழுதினேன். பதில் இல்லை. எங்களைப் போன்றவர்களுக்குப் பதில் எழுதித் தபால்தலையை வீணாக்காததும் சுற்றுச்சூழல் அக்கறைதான் போலும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. போட்டி அறிவிப்பிலிருந்து ‘லேமினேஷன்’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்; படங்களை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். பேட்டரியையும் டிஸ்க்கையும் எங்கள் ஊரில் யாரிடம் கொடுப்பது என்று உங்கள் நிருபரை விசாரிக்கச் சொல்லி ஒரு பெட்டிச் செய்தி போட்டால் என் டின்னும் காலியாகும்.

கட்டுரையோடு வந்த படங்கள் உண்மையிலேயே நன்றாக இருந்தன. எடுத்தவர் பெயரைத்தான் காணோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்டுடியோக்காரன்,
கும்பகோணம்.